தன் முதுகு தெரியாத மூன்று பேர்

கேள்வி இதுதான்: ஜெரோம் கே. ஜெரோம் எழுதிய ‘த்ரீ மென் இன் எ போட்’ 1889-இல் வந்த நாவல். மூன்று நண்பர்கள், ஒரு நாய், தேம்ஸ் ஆற்றில் இரண்டு வாரப் படகுப் பயணம். கதை என்று ஒன்றும் கிடையாது, சொல்ல வந்ததை விட்டுவிட்டு எங்கெங்கோ போகிறது, இதை ஏன் இன்னும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள், நாற்பது பக்கத்தைத் தாண்ட முடியவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் முதல் தடவை பாதியில் மூடிவைத்தவன்தான். பயண நூல் என்று நம்பி எடுத்தேன். படகில் ஏறுவதற்கே ஐந்து அத்தியாயம் ஆகிறது. அதுவரை உடம்பு சரியில்லை என்கிறார்கள், என்ன எடுத்துப்போவது என்று பட்டியல் போடுகிறார்கள், மூட்டை கட்டுகிறார்கள், தூங்கிவிடுகிறார்கள். பல வருஷம் கழித்து எங்கோ காத்திருக்க வேண்டிய நேரத்தில் நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டினேன், டின் திறக்கும் இடம், பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது: இதைப் பயணக் கதையாகப் படித்ததுதான் நான் செய்த தப்பு. பயணம் இங்கே ஒரு கொடிக்கயிறு, அவ்வளவுதான். அதில் என்னென்ன காயப்போட்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

இந்தப் புத்தகம் உண்டான விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். 1888 ஜூனில் ஜெரோமுக்குக் கல்யாணம். தேனிலவு தேம்ஸ் ஆற்றில், ஒரு சின்னப் படகில். திரும்பி வந்து அவர் எழுத உட்கார்ந்தது சிரிப்பு நாவல் அல்ல. தேம்ஸின் வரலாறும் கரையோரக் காட்சிகளும் அடங்கிய கனமான நூல். வாசகர் தூங்கிவிடக் கூடாதே என்று நடுநடுவே கொஞ்சம் வேடிக்கை சேர்ப்பதாக உத்தேசம். வேடிக்கையை முதலில் முடித்துவிடலாம், வரலாற்றை அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தார், வேடிக்கை முடியவே இல்லை. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு டஜன் வரலாற்றுத் துண்டுகளை எழுதி, அத்தியாயத்துக்கு ஒன்றாகச் செருகினார். தொடராக வெளியிட்ட ‘ஹோம் சைம்ஸ்’ பத்திரிகையின் ஆசிரியர் ராபின்சன் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தூக்கி எறிந்துவிட்டார். இதையெல்லாம் ஜெரோமே தன் வாழ்க்கை நினைவுகளில் சொல்லியிருக்கிறார். பதிப்பாசிரியர்களுக்கு யாரும் கோயில் கட்டுவதில்லை, ஆனால் ராபின்சனுக்கு ஒரு சின்ன மாடமாவது வைக்கலாம்.

கூட வந்த மனைவியும் புத்தகத்தில் இல்லை. அவர் உட்கார்ந்த இடத்தில் இரண்டு நண்பர்களை ஏற்றிவிட்டார். ஜார்ஜ் என்பது வங்கியில் வேலை பார்த்த ஜார்ஜ் விங்கிரேவ், ஹாரிஸ் என்பது அச்சுத் தொழிலில் இருந்த கார்ல் ஹென்ட்ஷெல். இருவரும் ஜெரோமின் உண்மையான தோழர்கள், இந்த ஆற்றில் அவரோடு பலமுறை படகு ஓட்டியவர்கள். மாண்ட்மோரன்சி என்கிற நாய் மட்டும் முழுக்கக் கற்பனை. படித்து முடித்தவர்களில் பலர் நாய்தான் அச்சு அசலாக இருக்கிறது என்பார்கள்.

வரலாற்று நூலாக இருந்திருக்க வேண்டியது என்பதால் அதன் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. கிங்ஸ்டனில் ஏறி ஆக்ஸ்போர்டு வரை ஆற்றை எதிர்த்துப் போகிறார்கள்; வழியில் ஹாம்ப்டன் கோர்ட், 1215-இல் ஜான் மன்னர் மேக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்துக்கு முத்திரை வைத்த ரன்னிமீட், மார்லோ, சோனிங், ஸ்ட்ரீட்லி என்று ஒவ்வோர் ஊரும் வரிசை மாறாமல் வருகிறது. இந்த ஊரில் சாக்ஸன் மன்னர்கள் முடி சூடினார்கள் என்று குரலைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பார். நாலு வரி போனதும் கதைசொல்லிக்கு வேறு ஏதோ ஞாபகம் வரும், அதிலிருந்து இன்னொன்று, கடைசியில் நாம் யாரோ ஒருவருடைய மாமா வீட்டுச் சுவர் முன்னால் நிற்போம். எங்கெங்கோ போகிறது என்று நீங்கள் குறை சொன்னீர்களே, அந்த எங்கெங்கோதான் புத்தகம்.

சரி, அது மட்டும் போதுமா என்றால் போதாது. சும்மா கிளைக்கதை சொல்கிற ஆட்கள் ஏராளம், அவர்களை எல்லாம் நூற்றிமுப்பது வருஷம் யாரும் படிப்பதில்லை. என் கணக்குப்படி இந்தப் புத்தகத்தைக் காப்பாற்றுவது வேறொன்று. தன் முதுகு தனக்குத் தெரியாது என்போமே, அந்த ஒரே விஷயத்தை ஜெரோம் பத்தொன்பது அத்தியாயத்திலும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஜே என்ற பெயரில் கதை சொல்பவன் மற்ற இருவரின் முதுகையும் துல்லியமாகப் பார்க்கிறான், தன் முதுகைப் பார்ப்பதே இல்லை. அதை நாம் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மூட்டை கட்டும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டை கட்டுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறான் ஜே. அவன் மனசில் இருந்த திட்டம், தான் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவது, மற்ற இருவரும் ஓடியாடிச் செய்வது. அவர்கள் இருவரும் அவன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒருவன் சாய்வு நாற்காலியிலும் இன்னொருவன் மேஜைமேல் காலைப் போட்டும் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஜேவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது: அடுத்தவன் வேலை செய்யும்போது சும்மா உட்கார்ந்து பார்க்க எப்படித்தான் மனசு வருகிறதோ என்று. சற்றுமுன் இவன் செய்ய நினைத்தது அதேதான் என்று எங்கும் ஒரு வார்த்தை வராது. ஜெரோம் விளக்கமாட்டார், கண் சிமிட்டமாட்டார். அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

பின்னால் யார் அதிகம் உழைக்கிறார்கள் என்று படகில் ஒரு சண்டை வருகிறது. ஒவ்வொருவனும் தான் மட்டும்தான் துடுப்புப் போட்டுச் சாகிறேன், மற்ற இருவரும் உல்லாசப் பிரயாணம் வந்திருக்கிறார்கள் என்று மனதார நம்புகிறான். மூன்று பேர் சேர்ந்து எந்த வேலையைச் செய்தாலும் நடக்கிற விஷயம் இது. அலுவலகத்தில், கல்யாண வீட்டில், ஒரே அறையில் தங்கியிருக்கிற நண்பர்களிடம் எங்கு வேண்டுமானாலும் பாருங்கள், கூட்டிப் பார்த்தால் மொத்த வேலை முந்நூறு சதவீதம் வரும்.

முதல் அத்தியாயத்தில் இன்னொன்று இருக்கிறது, இன்றைக்கு எழுதியதோ என்று தோன்றும். ஜே ஏதோ சின்ன உபாதைக்கு மருந்து பார்க்க பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய் ஒரு மருத்துவப் புத்தகத்தைத் திறக்கிறான். புரட்டப் புரட்ட ஒவ்வொரு நோயின் அறிகுறியும் தனக்கு இருப்பதாகத் தெரிகிறது. அகர வரிசையில் முழுவதும் படித்து முடித்துவிட்டு, வீட்டு வேலைக்காரிகளுக்கு வருகிற ஒரு முழங்கால் வீக்கம் மட்டும்தான் தனக்கு இல்லை என்று கண்டுபிடிக்கிறான். உடனே, அது மட்டும் ஏன் எனக்கு வரவில்லை, என்னை ஏன் இப்படி ஒதுக்கிவைத்தது என்று ஒரு மனத்தாங்கல் வேறு. ராத்திரி ஒரு மணிக்குத் தலைவலிக்குக் காரணம் தேடி இணையத்தில் இறங்கி, மூன்று மணிக்கு உயில் எழுத யோசித்தவர்களுக்கு இந்தப் பக்கத்தை விளக்க வேண்டியதில்லை. டாக்டர் எழுதிக்கொடுக்கும் சீட்டில் மருந்தே இருக்காது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாட்டிறைச்சியும் பீரும், தினம் காலையில் பத்து மைல் நடை, பதினோரு மணிக்குப் படுக்கை, புரியாத விஷயங்களைத் தலையில் திணித்துக்கொள்ளாதே என்று ஒரு புத்திமதி. ஜே அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் மருந்துக்கடையில் நீட்டுவான்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் தொழில்நுட்பமானது. ஜெரோமிடம் சிரிப்பு வார்த்தையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. பாட்ஜர் மாமா சுவரில் ஒரு படம் மாட்டுகிற கதை மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறது. நீங்கள் யாரும் கவலைப்பட வேண்டாம், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆரம்பிப்பார். ஆணி வாங்க ஒருத்தி, என்ன அளவு என்று சொல்ல அவள் பின்னாலேயே ஒரு பையன், சுத்தியலுக்கு ஒருவன், ஏணிக்கு, நாற்காலிக்கு, விளக்குப் பிடிக்க என்று ஆள் கூடிக்கொண்டே போகும். படம் கீழே விழும், கண்ணாடி கையைக் கிழிக்கும், கைக்குட்டை கோட்டில் இருக்கும், கோட்டைக் காணாது, வீடே தேடும், கடைசியில் அவர் எழுந்திருக்கும்போது அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார் என்று தெரியும். நள்ளிரவு வாக்கில் படம் ஏறிவிடும், கோணலாக. சுற்றிலும் சில கெஜத்துக்குச் சுவரை ஏதோ மண்வாரியால் கீறினது போலிருக்கும். எல்லோரும் செத்துப் பிழைத்து நிற்க, மாமா மட்டும் பெருமையோடு பார்த்துக்கொண்டு, ஒரு சின்ன வேலைக்கு ஆள் வைக்கிறவர்களும் இருக்கிறார்களே என்பார். இதில் நகைச்சுவைத் துணுக்கு என்று பிரித்து எடுக்க ஒரு வரி கிடையாது. ஒரு வேலை, அதைச் செய்யத் தெரியாத ஓர் ஆள், அந்த ஆளின் நம்பிக்கை. மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகிறார், எங்கும் அவசரப்படுவதில்லை. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், மூச்சு விடுகிற இடம்கூட அளந்து வைத்திருப்பது தெரியும்.

அன்னாசிப்பழ டின்னும் அதே கணக்குதான். டின் இருக்கிறது, திறப்பான் இல்லை. கத்தி உடைகிறது, கத்திரிக்கோல் துள்ளி ஒருவன் கண்ணைப் பதம் பார்க்கப் போகிறது, படகுக் கழியின் முனையால் துளைக்கப் போனவன் ஆற்றுச் சேற்றில் விழுகிறான், கடைசியில் பாய்மரத்தையே தூக்கி அடிக்கிறார்கள். ஜார்ஜ் அன்று உயிர் பிழைத்தது தலையில் இருந்த வைக்கோல் தொப்பியால். டின்னைத் தட்டையாக, சதுரமாக, வடிவியலில் என்னென்ன உருவம் உண்டோ அத்தனையுமாக அடித்தும் ஓர் ஓட்டை விழவில்லை. நெளிந்த இடம் ஒன்று பல்லைக் காட்டிச் சிரிப்பது போல் ஆகிவிடுகிறது. அது தாங்காமல்தான் ஆற்றில் வீசுகிறார்கள். பொருள்களுக்கு மனிதர்மேல் தனிப்பட்ட விரோதம் உண்டு என்பது இந்தப் புத்தகத்தின் ரகசிய மதம். இழுவைக் கயிறு, கூடாரத் துணி, கெட்டில், பாரோமீட்டர் எல்லாம் அந்த மதத்தின் சின்னத் தேவதைகள்.

இந்த மாதிரி எழுத்து அப்போது புதிது, அதனாலேயே அடியும் வாங்கியது. ஜெரோம் வசதியான வீட்டுப் பிள்ளை அல்ல. சின்ன வயதிலேயே அப்பா அம்மா இருவரையும் இழந்தவர், பதினாலு வயதில் ரயில்வே கம்பெனியில் வேலைக்குப் போனவர். அப்புறம் நாடக நடிகர், பள்ளி ஆசிரியர், வக்கீல் குமாஸ்தா. அவர் நாயகர்களும் அப்படித்தான், வாடகை அறையில் இருக்கிற, சனிக்கிழமை மத்தியானம் வரை வேலைக்குப் போகிற ஆட்கள். ஜார்ஜ் வங்கியில் இருப்பதால் சனிக்கிழமை இரண்டு மணிக்கு அப்புறம்தான் வருகிறான், படகே அதற்குத் தகுந்தபடி வெய்பிரிட்ஜில் அவனை ஏற்றிக்கொள்கிறது. இவர்கள் பேசுவது குமாஸ்தாக்கள் தங்களுக்குள் பேசுகிற கொச்சை. பெரிய இடத்து விமர்சகர்களுக்கு இது பிடிக்கவில்லை, அநாகரிகம் என்றார்கள். ‘பஞ்ச்’ பத்திரிகை, ஹகரத்தை முழுங்கிப் பேசுகிற லண்டன் பாமரனைக் குறிக்கும் ‘ஆரி’ என்ற பெயரை அவருக்குச் சூட்டி ‘ஆரி கே. ஆரி’ என்று கிண்டல் செய்தது. வாசகர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிரிஸ்டலில் இருந்த பதிப்பாளர் ஆரோஸ்மித், நான் அச்சடிக்கிற பிரதி எல்லாம் எங்கே போகிறதென்றே தெரியவில்லை, ஜனங்கள் தின்கிறார்கள் போலிருக்கிறது என்றாராம். அமெரிக்காவில் திருட்டுப் பதிப்புகள் சக்கைப்போடு போட்டன, அதிலிருந்து ஜெரோமுக்குக் காலணா வரவில்லை.

ரயில் வந்தபிறகு தேம்ஸில் சரக்குப் படகுகள் குறைந்து, ஆறு விடுமுறைக்காரர்கள் கைக்கு வந்திருந்த சமயம் அது. முந்தைய தலைமுறையின் வேடிக்கைப் பயண நூல்களில் கடல் தாண்டிப் போவார்கள், அந்நிய ஊரைப் பார்த்துச் சிரிப்பார்கள். இவர்கள் லண்டனிலிருந்து ஒரு ரயில் தூரம்தான் போகிறார்கள், சிரிப்பதற்கு அந்நியன் யாரும் இல்லை. அதனால் வேறு வழியில்லாமல் தங்களையே பார்த்துக்கொள்ள வேண்டியதாகிறது. அந்த ரயிலைப் பிடிப்பதே ஒரு கூத்து: வாட்டர்லூ நிலையத்தில் கிங்ஸ்டன் வண்டி எந்த மேடையில் என்று ஒருவருக்கும் தெரியாது, கடைசியில் ஓர் எஞ்சின் ஓட்டுநர் கையில் அரை கிரவுன் கொடுத்து, உன் வண்டியையே கிங்ஸ்டன் வண்டியாக்கிவிடப்பா என்று கேட்டுக்கொள்கிறார்கள். அவரும் ஆக்கிவிடுகிறார். அது உண்மையில் எக்ஸிட்டர் போக வேண்டிய தபால் வண்டி என்றும், வாட்டர்லூவில் அதை மணிக்கணக்கில் தேடினார்கள் என்றும் பிறகு தெரியவருகிறது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நடுநடுவே நிலவு, நட்சத்திரம், இரவு என்கிற தாய் என்று உருகி உருகி எழுதுவார், பத்தாம் அத்தியாய முடிவில் வீரர்களும் காடும் வருகிற ஓர் உருவகக் கதை இருக்கிறது, எனக்கு அது பாகு முற்றிப்போன மிட்டாய் மாதிரி. சில இடங்களில் வேண்டுமென்றே ஊதிப் பெருக்கி, பிறகு ஊசியால் குத்துவார். மார்லோவுக்கு முன்னால் பாய் விரித்துப் போகிறபோது தாங்கள் ஏதோ பழைய காவிய வீரர்கள், பொன்னந்தி உலகத்துக்குள் மிதந்துபோகிறோம் என்று உச்சத்துக்கு ஏற்றிக்கொண்டு போய், நேரே மூன்று கிழவர்கள் மீன் பிடித்துக்கொண்டிருக்கிற படகில் முட்டுவார்கள். அது பிரமாதம். ஆனால் குத்த மறந்துபோன பலூன்களும் உண்டு. பெண்கள் இந்தப் புத்தகத்தில் கிட்டத்தட்ட இல்லை, வருகிற இடங்களிலும் உடை அழுக்காகுமே என்று கவலைப்படுகிறவர்களாகத்தான் வருகிறார்கள். அது இன்று படிக்கும்போது இடறத்தான் செய்கிறது. கோரிங் அருகே ஓர் இடத்தில் திடீரென்று ஆற்றில் ஒரு பெண்ணின் சடலம் மிதந்து வரும், அவளுடைய கதை இரண்டு பக்கத்தில் சொல்லப்படும், பிறகு பயணம் தொடரும். இது பொருந்தவில்லை என்பவர்கள் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாரக்கூலிக்காரர்களின் உலகத்தில் ஒரு படி சறுக்கினால் கீழே என்ன இருக்கிறது என்று ஜெரோமுக்குத் தெரியும். அதற்கு அவர் வேடிக்கை சேர்க்கவில்லை.

1900-இல் இதே மூவரை ஜெர்மனிக்கு அனுப்பி, பிளாக் ஃபாரஸ்ட் என்கிற கருங்காட்டுப் பக்கம் சைக்கிள் ஓட்டவிட்டு இன்னொரு நாவல் எழுதினார். நல்ல இடங்கள் உண்டு, ஆனால் பழைய புத்தகத்தின் பிடி இல்லை. காரணம் ஆறுதான் என்று நினைக்கிறேன். சைக்கிளில் கோபம் வந்தால் நூறு கெஜம் தள்ளிப் போகலாம். படகில் மூன்று பேரும் ஒரு நாயும் இரண்டு வாரம் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும், தூங்குவதும் அங்கேதான், கூடாரத் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு.

இனி எப்படிப் படிப்பது என்று கேட்டால், முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். மூன்றாம் அத்தியாயத்தில் பாட்ஜர் மாமா. நான்காவதில் லிவர்பூலிலிருந்து ரயிலில் வருகிற பாலாடைக்கட்டிகள், ஒரு பெட்டியையே காலி பண்ணிவிடுகிற நாற்றம். ஆறாவதில் ஹாம்ப்டன் கோர்ட்டின் புதிர்த் தோட்டத்துக்குள் ஹாரிஸ், வரைபடத்தோடு, தன்னை நம்பி வந்த இருபது பேரோடு. எட்டில், சோகப் பாட்டைச் சிரிப்புப் பாட்டு என்று நம்பி விழுந்து விழுந்து சிரிக்கிற நாகரிகக் கூட்டம். பன்னிரண்டில் டின். பதினேழில் வாலிங்ஃபோர்டு விடுதியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற மீன். வருகிற ஒவ்வொருவரும் நான்தான் பிடித்தேன் என்பார்கள், ஒவ்வொருவர் சொல்லும் எடையும் வேறு, மீன் எதனால் ஆனது என்பதை நான் சொல்ல மாட்டேன். இந்த ஆறு இடங்களும் பிடிக்காவிட்டால் புத்தகத்தை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், உங்கள்மேல் தப்பில்லை.

பிடித்தால் மட்டும் முதல் பக்கத்துக்குப் போங்கள், கடைசி அத்தியாயத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்போர்டிலிருந்து திரும்பும்போது இரண்டு நாள் விடாமல் மழை. செத்தாலும் படகை விடுவதில்லை, இரண்டு வாரம் என்று வந்தோம், இரண்டு வாரம் இருந்துதான் தீருவோம் என்று மூவரும் சபதம் செய்கிறார்கள். சற்று நேரம் பேச்சு இல்லை. அப்புறம் ஒருவன், பாங்போர்னிலிருந்து ஐந்து மணிக்கு மேல் லண்டனுக்கு ஒரு ரயில் இருக்கிறது என்று யாரையும் பார்க்காமல் சொல்கிறான். இருபது நிமிஷத்தில் மூன்று உருவங்களும், வெட்கத்தில் தலைகுனிந்த ஒரு நாயும் படகுத்துறையிலிருந்து நழுவுகின்றன. படகுக்காரரிடம் உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்குப் படகைத் தயாராக வையுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.